வெள்ளிக்கிழமை வராத சாக்கு

சசிதரன் மேசைமீது ஒரு தயிர்க் கிண்ணத்தை வைத்தார். காலிக் கிண்ணம்.

"எனக்கு ஆள் பேரு வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். அவன உள்ள தள்ளணும். அவன் லோரி துருப்பிடிச்சு மண்ணோட மண்ணாப் போகணும். அவன் பொண்டாட்டி பிள்ளைங்க என் கேட்டு முன்னால வந்து நின்னு அழணும். நான் கதவத் தெறக்கக் கூடாது."

காலித் தயிர்க் கிண்ணம் ஒரு மனிதரை இவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியாது. எடுத்துப் பார்த்தேன். அடியில் எனக்கு வாசிக்கத் தெரியாத ஏதோ ஒரு நாட்டு எழுத்து. மற்றபடி பளிச்சென்று இருந்தது. நான் தங்கியிருக்கும் வீட்டில் இவ்வளவு சுத்தமான கிண்ணத்தில் சாப்பிட்டே பல மாதம் ஆகிறது.

இடம், கெடா மாநிலத்து மெர்கோங்கில் முடிதிருத்தகத்துக்கு மேல்மாடியில் இருக்கும் புஷ்பவள்ளி அக்காவின் துப்பறியும் நிலையம். அக்கா இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸில் வேலை பார்த்தவர். எரிந்த கடைகளுக்குள் நடந்துபோய், எது தானாக எரிந்தது, எது முதலாளிக்கு உதவியாக எரிந்தது என்று முகர்ந்தே சொல்லிவிடுவார். நான் நபீல். கல்லூரியில் கேலிப் பத்திரிகை நடத்தினேன். அதைப் படித்த முதல்வர் எனக்கு ஒரு செமஸ்டர் ஓய்வு கொடுத்தார். இங்கே நான் துணைத் துப்பறிவாளன். அக்கா வெளியாரிடம், தம் காரைக் காட்டி, "காடி கழுவ வந்த பையன்" என்று சொல்வார்.

அக்கா அவர் முன்னால் ஒரு தாளை நகர்த்தினார். அது அவருடைய பழைய வேலைப் பழக்கம். போனது என்ன, அது யாருடையது, எப்படித் தெரியும், அறிக்கை என்றைக்கு வேண்டும். நான்கையும் வாடிக்கையாளர் தம் கையால் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அக்காவுக்குக் காது கேட்காது.

"போகலக்கா, வருது!" என்றார் சசிதரன். "மூணு வாரமா தெனமும் காலைல என் வீட்டு கேட்டு முன்னால ஒரு சாக்கு. உள்ளாற இந்த மாதிரி கிண்ணம், பால் பேக்கெட்டு, நாய்த்தீனிப் பை. பதினெட்டு சாக்கு ஆயிருச்சு."

"உங்க வீட்டுக்கு வருதுன்னா வேற எங்கேயோ இருந்து போயிருக்கும்ல? எங்கேருந்து?"

"என் ஃபேக்டரியிலேருந்து. சுங்கை லாலாங்ல. பிளாஸ்டிக் மறுசுழற்சி."

"இது உங்களோடதுன்னு எப்டித் தெரியும்?"

அவர் ஒரு நாய்த்தீனிப் பையை விரித்தார். அதில் வெளிநாட்டு நாய் ஒன்று பல்லைக் காட்டிச் சிரித்தது. "இந்த நாய் கெடாவுலயே என்கிட்ட மட்டும்தான் இருக்கு. கன்டெய்னர்ல வருது. வேற எவனுக்கும் வராது."

"எழுதுங்க."

எழுதினார். 'என் தொழிற்சாலையிலிருந்து திருடப்பட்ட பிளாஸ்டிக். உரிமையாளர் நான். கன்டெய்னரில் எனக்கு மட்டுமே வருகிறது.' கையெழுத்துக்குக் கீழே, கோபத்தில், இரண்டு கோடு.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்னா சந்தேகம். அன்சார்தான். பேப்பர் லாமா, பழைய பேப்பர் வாங்குற லோரி ஓட்டுறான். நான் அவன்கிட்ட சாமான் வாங்குறத நிறுத்திட்டேன், அந்த வெறி. தெனமும் காலைல என் ரோட்டுலதான் போறான். இன்னொண்ணு..." அவர் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை மட்டும் சாக்கு வராது. ஏன்? வெள்ளிக்கிழமை அவன் தொழுவப் போயிருவான். நானே கண்டுபுடிச்சேன்."

"அப்ப நாங்க எதுக்குலா அண்ணே?" என்றேன்.

"பாலாய்ல போலீஸ்காரங்க ஆதாரம் கேப்பாங்கல்ல தம்பி? என் வைஃப் நளினிதான் இங்க அனுப்பிச்சா. இந்தக்கா எழுதி வாங்காம எதையும் செய்ய மாட்டாங்க, செஞ்சா பிசகாதுன்னா."

அக்கா தாளின் கடைசி வரியைத் தட்டினார். சசிதரன் எழுதினார். 'வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி.' அன்று புதன்.

*

சுங்கைப்பட்டாணியில் அவர் வீட்டு கேட்டுக்கு வெளியே அன்றைய சாக்கு இன்னும் உட்கார்ந்திருந்தது. தொடக் கூடாது என்று சசிதரன் உத்தரவு. தடயமாம்.

அக்கா சாக்கைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நான் அதைத் திறந்து பார்த்தேன். எங்கள் மாநிலத்தில் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்று சட்டம் வந்து பல வருடமாகிறது. எங்கள் குடியிருப்புத் தாமானில் அதைக் கடைப்பிடிப்பவை பூனைகள் மட்டுமே. மீன்முள்ளைத் தனியாகவும் பிளாஸ்டிக்கைத் தனியாகவும் நடுரோட்டில் பிரித்து வைக்கும். ஆனால் இந்தச் சாக்கில் கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. பால் பேக்கெட்டுகள் தட்டையாக மடிக்கப்பட்டிருந்தன.

"அக்கா, இந்த எதிரிக்கு அரசாங்கம் விருது குடுக்கணும்."

"வாய மூடிட்டு அடியில பாரு."

சாக்கைத் தூக்கினேன். அடியில் பழைய நாளிதழ் ஒன்று, மூலை மடங்காமல் விரிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, வெள்ளை டைல்ஸ் ஒரு கறையும் இல்லாமல் மின்னியது.

"தெனமும் பேப்பர் விரிச்சுத்தான் வெக்கிறானா?" என்று அக்கா கேட்டார்.

"தெனமும்!" சசிதரன் பல்லைக் கடித்தார். "பேப்பர் லாமாக்காரன் இல்லயா. அவன்கிட்ட பேப்பருக்கா பஞ்சம்? இதுவும் ஆதாரம். எழுதிக்குங்க."

கேமராவையும் காட்டினார். அது ரோட்டையும் ரோட்டில் வருவோரையும் பார்க்கும். கேட்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் தூணடி அதற்குத் தெரியாது. மூன்று வாரப் பதிவில் ஒருவரும் ரோட்டிலிருந்து கேட்டை நெருங்கவில்லை. அன்சாரின் லோரி மட்டும் தினமும் ஏழு மணிக்கு மெதுவாகக் கடந்து போகிறது.

"ஓட்டிக்கிட்டே வீசுறான்," என்றார் சசிதரன்.

ஓடும் லோரியிலிருந்து நாளிதழை முதலில் விரித்து, அதன் நடுவில் சாக்கை உட்கார வைக்கும் கை. அந்த ஆள் சர்க்கஸில் இருக்க வேண்டியவர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நளினி அக்கா கோப்பி கொண்டுவந்தார். ஐம்பது வயதுக்குள் இருக்கும். அமைதியான முகம். வீட்டில் அவர்கள் இருவர்தான், மகள் பினாங்கில் படிக்கிறாள் என்று அவரே சொன்னார்.

"ஆளக் கண்டுபுடிச்சிருவீங்களா, அக்கா?"

"புடிச்சிருவோம்."

"நல்லது. சீனி போதுமா?"

*

அன்சாரின் லோரியைப் பீடோங்கில் பிடித்தோம். பிடிப்பதற்குக் காது போதும். "சூராட் காபார் லாமா... பெசி பூரோக்... பத்ரி லாமா..." என்று பழைய பேப்பரையும் துருப்பிடித்த இரும்பையும் செத்த பேட்டரியையும் கேட்டுக்கொண்டு ஒலிபெருக்கி தெருத்தெருவாகக் கூவிப் போகும்.

அன்சார் ஒல்லியான மனிதர். லோரியின் பின்பக்கம் பிளாஸ்டிக் போத்தல்கள் மலையாகக் கிடந்தன.

"பதிமூணு வருஷம் அவருக்குத்தான் போட்டேன் அக்கா. நம்ம ஊரு போத்தல், நம்ம ஊரு கேலன். இப்ப கப்பல்ல குப்பை வருது. அத எடுத்துக்கிட்டா அனுப்புறவனே துட்டும் குடுக்கிறான். அப்பறம் என் போத்தல எவன் வாங்குவான்? நம்ம ஊரு குப்பைக்கு நம்ம ஊருலயே மரியாத இல்ல."

"உங்களுக்கு அவர் மேல கோவம்," என்றார் அக்கா.

"கோவமா? அந்த ஆளு நாசமாப் போறத நின்னு பாக்கணும் அக்கா. உக்காந்துகூட இல்ல. நின்னு."

ஒளிவு மறைவே இல்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் நல்ல சந்தேக நபர் இப்படிப் பேச மாட்டாரே என்றும் தோன்றியது.

"வெள்ளிக்கிழமை லோரி ஓடுமா?"

"என்னாக்கா இப்டிக் கேக்கறீங்க. நம்ம ஸ்டேட்ல வெள்ளிதானே லீவு? எல்லாரும் வீட்ல இருந்து ஸ்டோர் ரூம ஒதுக்குவாங்க. எனக்கு அன்னைக்குத்தான் வேட்டை. காலைல ஆறரைக்கே எறங்கிருவேன். ஜும்ஆ தொழுகை ஒரு மணிக்கு மேலதானே."

அக்கா தலையாட்டினார். "அவரு உங்க மேல ரிப்போட் போடப் போறாரு. பிடிச்சா உள்ள வெப்பாங்க. லோரியையும் எடுத்துக்குவாங்க."

பயப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அன்சார் ஒரு போத்தலை எடுத்து, மூடியைத் தனியாகத் திருகி, வேறு பையில் போட்டார்.

"போடச் சொல்லுங்க அக்கா. தயவுபண்ணி போடச் சொல்லுங்க."

திரும்பும் வழியில் நான் என் முடிவைச் சொன்னேன். "அக்கா, வெள்ளிக்கிழமைதான் இவரு அந்த ரோட்டுல கண்டிப்பாப் போறாரு. அன்னைக்குத்தான் சாக்கு வரல. அப்ப இவரு இல்ல."

"அடடே."

"ஆனா வேற யாரோ வெள்ளிக்கிழமை லீவு எடுக்குறாங்க. கவர்மென்ட் ஆளா இருக்கும்."

"கவர்மென்ட் ஆளுக்கு சனிக்கிழமையும் லீவு. சனிக்கிழமை சாக்கு வந்திருக்கு." அக்கா கியரை மாற்றினார். "உங்க வீட்ல வெள்ளிக்கிழமை குப்பை கொட்டுவீங்களா?"

"லோரி வந்தா கொட்டுவோம். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

*

வியாழக்கிழமை காலை சுங்கை லாலாங். செம்பனைக்கு நடுவே சசிதரனின் தொழிற்சாலை. பெயர்ப்பலகையில் இரண்டு கைகள் பூமியை ஏந்திக்கொண்டிருந்தன. பின்பக்கம் போனோம். வேலிக்கு அந்தப்புறம் கைவிடப்பட்ட தோட்ட நிலத்தில் ஒரு பெரிய குழி. பாதி எரிந்து, பாதி எரியக் காத்துக்கொண்டிருந்தது. உருகிய பிளாஸ்டிக் கறுப்புப் பாகு மாதிரி ஓடி இறுகியிருந்தது. எரியாத பக்கத்தில் அதே நாய், நூற்றுக்கணக்கில், எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. எனக்கு முதலில் தும்மல் வந்தது. பிறகு தொண்டை எரிந்தது. கேலி செய்ய ஒரு வாக்கியம் தேடினேன். கிடைக்கவில்லை.

குழியிலிருந்து கல்லெறி தூரத்தில் வரிசையாக ஒன்பது லயத்து வீடுகள். முதல் வீட்டு வாசலில் குழந்தைவேலு என்ற பெரியவர் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு கோழிக்குத் தீனி போட்டார்.

"யாரு குழி அண்ணே இது?" என்று அக்கா கேட்டார்.

"அதத்தான் எல்லாரும் கேக்கறாங்க. சுற்றுச்சூழல் இலாகாவுலேருந்து ரெண்டு தடவ வந்தாங்க. ஃபேக்டரிக்காரரு, இது எங்க குப்பையே இல்ல, யாரோ கொண்டாந்து கொட்டுறாங்கன்னு லெட்டர் குடுத்திட்டாரு. எங்ககிட்ட உள்ளூர் பிளாஸ்டிக் மட்டும்தான்னு சாதிச்சிட்டாரு. நெலத்துக்காரன் எங்கயோ வெளிநாட்டுல. அப்ப யார் மேல கேஸு போட? ஊருல எல்லாத்துக்கும் சொந்தக்காரன் இருக்கான். குப்பைக்கு மட்டும் இல்ல."

"புகார் எழுதிப் போட்டது யாரு?"

"கடைசி வீட்டு முருகையா. இருமி இருமியே போன வருஷம் போயிட்டான். அவன் மக தெனமும் சாயங்காலம் வரும். வெளக்கு வெச்சு, நாய்க்குச் சோறு போட்டுட்டுப் போகும்."

கடைசி வீட்டுக்குப் போனோம். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாக மாலை போட்ட ஒரு படம் தெரிந்தது. வீட்டுப் பக்கவாட்டில் துணி காயப்போடும் கொடி. கொடியில் துணி இல்லை. வரிசையாகத் தயிர்க் கிண்ணங்கள், கிளிப் மாட்டித் தொங்கின. அவற்றுக்கு அடுத்து, வயிற்றைப் பிளந்து விரித்த பால் பேக்கெட்டுகள். கொடியின் கோடியில் ஒரு நாய்த்தீனிப் பை சொட்டிக்கொண்டிருந்தது.

நான் கத்தினேன். "அக்கா! ஆளு இங்கதான்! சசிதரனுக்கு உடனே ஃபோன் போடுங்க!"

அக்கா ஜன்னலுக்குள் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூக்கை, அந்த அமைதியான முகத்தை. நேற்று எங்களிடம் சீனி போதுமா என்று கேட்ட முகம். ஆனால் அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"தாள்ல வெள்ளிக்கிழமை பத்து மணின்னு இருக்கு," என்றார்.

"அதுக்குள்ள அன்சார் அண்ணன உள்ள வெச்சிட்டா?"

"தாள்ல என்னா இருக்கோ அதான்."

அந்த நிமிடம் சசிதரனே கூப்பிட்டார். குரலில் கல்யாண வீட்டு உற்சாகம். "அக்கா, என்னால வெள்ளி வரைக்கும் பொறுக்க முடியல. காலைல இன்னொரு சாக்கு. நேரா பாலாய்க்குப் போயி ரிப்போட் போட்டுட்டேன். அன்சாரத் தூக்கிட்டாங்க, லோரியும் அங்கதான் நிக்குது!"

"என்னா எழுதினீங்க?"

"உங்க ஃபாரத்துல எழுதினத அப்டியே. என் ஃபேக்டரிச் சாமான், நான்தான் ஓனர், கன்டெய்னர்ல எனக்கு மட்டும்தான் வருதுன்னு. நாய்ப் படம்கூட ஒட்டியாச்சு."

அக்கா ஃபோனை வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் வருடத்துக்கு இரண்டு முறை சிரிப்பார். இரண்டு முறையும் எவராவது ஒருவர் வாழ்க்கை அதோடு முடிந்திருக்கும்.

*

வெள்ளிக்கிழமை பத்து மணி. சசிதரன் வீட்டுக் கூடத்தில் சாம்பிராணி மணம். கேட்டு முன்னால் சாக்கு இல்லை.

"பாத்தீங்களா!" என்றார் சசிதரன். "அவன் உள்ள, சாக்கு வரல. நிரூபணம்!"

"போன வெள்ளி அவன் வெளியதானே இருந்தான். அப்பவும் வரலயே," என்றார் அக்கா.

சசிதரன் யோசித்தார். வழக்கமில்லாத வேலை என்பது முகத்தில் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை சாக்கு வராததுக்கு நீங்க அன்சாரோட மதத்தப் பாத்தீங்க. உங்க மதத்தப் பாக்கல," என்று அக்கா ஆரம்பித்தார். "வெள்ளிக்கிழமை வீட்டுக் குப்பைய வெளிய போட்டா லட்சுமி கூடவே போயிருவாங்கன்னு எந்த வீட்ல சொல்லுவாங்க? எங்க வீட்ல. உங்க வீட்ல. அன்சார் வீட்ல சொல்ல மாட்டாங்க. ரெண்டாவது, பேப்பர். பழிவாங்க வர்றவன் அடுத்தவன் தரையில கற படுமேன்னு கவலப்படுவானா? அந்தத் தரையத் தேச்சுக் கழுவப் போறவங்கதான் கவலப்படுவாங்க. மூணாவது, கிண்ணம் ஒவ்வொண்ணும் கழுவிக் காஞ்சிருக்கு. கேமராவுல ரோட்டுலேருந்து யாரும் வரல. ஏன்னா யாரும் ரோட்டுலேருந்து வரல. உள்ளேருந்து வந்தாங்க."

"உள்ளாற யாரு? நானும் என்..."

சமையலறை வாசலில் நளினி அக்கா நின்றார். கையில் கோப்பித் தட்டு. நிதானமாக மேசையில் வைத்து, எனக்கு முதல் கோப்பையை நகர்த்தினார்.

"முருகையா உங்க அப்பா," என்றார் அக்கா.

"ஆமாக்கா."

சசிதரன் எழுந்தார். "நீயா? பத்தொம்போது சாக்கு! பொண்டாட்டியா இருந்துக்கிட்டு..."

"உக்காருங்க." நளினி அக்காவின் குரல் உயரவில்லை. அவர் உட்கார்ந்தார். "எங்கப்பா ரெண்டு தடவ எழுதிப் போட்டாரு. ரெண்டு தடவயும் நீங்க, அது என் குப்பை இல்லன்னு லெட்டர் குடுத்தீங்க. மருமகன்னு உங்க பேர அவரு அதுல எழுதக்கூட இல்ல, என் வாழ்க்க கெட்டுருமேன்னு. செத்தப்ப ஆளுசர மாலை கொண்டாந்தீங்க. பிளாஸ்டிக் மாலை. அன்னைக்கு முடிவு பண்ணேன். உங்க வாயால சொல்ல வெக்கணும். உங்க கையால எழுத வெக்கணும். அந்தக் குப்பை உங்களோடதுன்னு."

"அதுக்கு நேரா என்கிட்டயே..."

"கேட்டேனே. தோட்டத்துப் பொம்பள புத்தின்னீங்க. உங்ககிட்ட நியாயம் கேட்டா வராது. யாரையாச்சும் நாசம் பண்ணலாம்னா மட்டும் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுவீங்க. அதுக்கு ஒரு ஆள் வேணும். அன்சார் அண்ணன் தானா வந்து, 'என்மேல சந்தேகம் வர்ற மாதிரி நான் மெதுவாப் போறேன் தங்கச்சி'ன்னு சொன்னாரு. அப்பறம் எழுதி வாங்குற அக்காகிட்ட உங்கள அனுப்பிச்சேன். குழியிலேருந்து எடுத்து, அப்பா வீட்ல கழுவிக் காயவெச்சு, மடிச்சு, மூணு வாரம் உங்க கண்ணு முன்னால வெச்சேன். வீட்ல பாத்திரம் கழுவுறது யாருன்னு ஒரு நாளாச்சும் பாத்திருந்தா கண்டுபுடிச்சிருப்பீங்க."

நான் கோப்பியைக் குடிக்க மறந்திருந்தேன். துணைத் துப்பறிவாளனாகிய நான், துப்பறியும் நிலையமே ஒரு தடயமாக மேசையில் வைக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

சசிதரனின் கைப்பேசி அடித்தது. எடுக்கும் அவசரத்தில் விரல் தவறி ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது.

"டத்தாங் சினி, பாஸ்," என்றது ஒரு போலீஸ் சார்ஜனின் குரல். பிறகு தமிழில், "இங்க வாங்க. அன்சார் நேத்தே அந்தச் சாமான் வந்த எடத்தக் காட்டிட்டாரு. சுங்கை லாலாங்ல, குழி. இலாகா ஆளுங்களும் வந்திருக்காங்க. நீங்க திருட்டுப் போச்சுன்னு படம் ஒட்டிக் குடுத்தீங்கல்ல, அதே நாய். ஒங்க சாமான் இங்க எக்கச்சக்கமா கெடக்கு. வந்து அடையாளம் காட்டுங்க. அன்சார விட்டாச்சு."

சசிதரன் ஃபோனைக் கையால் மூடினார். "ரிப்போட்ட வாபஸ் வாங்கிடறேன். என்னோடது இல்லன்னு சொல்லிடறேன்."

"அப்ப பொய் ரிப்போட்டு," என்றார் அக்கா, தம் தாளை மடித்தபடி. "அதுக்குத் தனிக் கேஸு. உங்களோடதுன்னா குழி உங்களோடது. இல்லன்னா பொய் உங்களோடது. எதுன்னு நீங்களே எழுதுங்க. ரெண்டு கோடு போட மறந்துராதீங்க."

சசிதரன் மாடிக்கு ஓடினார். இழுப்பறைகள் திறக்கும் சத்தம். ஐந்து நிமிடத்தில் சக்கரப் பெட்டியோடு இறங்கி, எங்கள் யாரையும் பார்க்காமல் கேட்டை நோக்கி விரைந்தார். கேட்டு பூட்டியிருந்தது. சாவி நளினி அக்காவின் முந்தானையில் முடிந்திருந்தது.

"தெற, நளினி. நான் போறேன்."

அதே நேரம் தெருக்கோடியில் அந்தக் குரல் கேட்டது. சூராட் காபார் லாமா... பெசி பூரோக்... வெள்ளிக்கிழமை வேட்டையை விடக் கூடாது என்று அன்சார் பாலாயிலிருந்து நேராகத் தொழிலுக்கு வந்துவிட்டார். லோரி கேட்டு முன்னால் நின்றது. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு இறங்கினார். உட்காரவில்லை. சொன்னபடி நின்றுதான் பார்த்தார்.

"போடுறதுக்கு ஏதாச்சும் இருக்கா தங்கச்சி?"

நளினி அக்கா பெட்டியோடு நின்ற கணவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"இருக்குண்ணே. ஆனா இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கு வாங்க."